கடைசிப் படிக்குக் கீழே

நான் வேலை பார்க்கும் கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதலில் வருவது ஈர அட்டைப்பெட்டி வாசனை. அடுத்து நீளமான ஒரு நடை. அதன் கோடியில் ஜன்னலே இல்லாத என் அறை. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டால் வாசலில் லாரி போனாலும் தெரியாது, நம் காதுக்குள் ரத்தம் ஓடுவதுதான் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விடுவார்கள். நான் பதினொரு வருடமாக அதற்குள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளும் பயந்ததில்லை, அந்தப் புதன்கிழமை மத்தியானம் வரைக்கும்.

பழைய டேப்புகளில் இருக்கும் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. அன்றைக்கு என் பையில் இருந்தது ஆபீஸ் டேப் இல்லை. என் சக்களத்தியின் கேசட்.

சக்களத்தி என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். அவள் செத்து நாலு வருடம் ஆகிறது. அவள் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் அவள் வீட்டுக்காரரை நான் கட்டிக்கொண்டேன். யார் இடத்தையும் யாரும் பிடுங்கவில்லை. ஆனால் செத்தவள் மேல் பொறாமைப்படுவது மாதிரி ஒரு தண்டனை கிடையாது. உயிரோடு இருப்பவள் என்றால் ஒரு நாளாவது எரிந்து விழுவாள், தலை கலைந்து நிற்பாள், வாசலில் நின்று நாலு வார்த்தை தப்பாகப் பேசுவாள். செத்தவள் எதுவும் செய்யமாட்டாள். ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு சிரித்துக்கொண்டே இருப்பாள். வாரா வாரம் அந்தக் கண்ணாடியைத் துடைப்பது நான்.

அவளுக்கு ஒரு பெண். ஏழு வயது. வீட்டில் எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம், பெயருக்கு ஏற்ற குணம். எனக்குப் பிறந்திருந்தால்கூட இவ்வளவு ஒட்டிக்கொண்டிருப்பாளா என்று தெரியாது. தலை பின்ன நான் வேண்டும், கணக்குப் போட நான் வேண்டும், கெட்ட கனவு வந்தால் என் முதுகுக்குப் பின்னால்தான் வந்து படுப்பாள். ஆனால் கூப்பிடுவது சித்தி. பாசமாகத்தான் கூப்பிடுவாள். எனக்குத்தான் அந்த வார்த்தை காலில் குத்தின முள் மாதிரி.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்து, "அம்மா" என்றாள். என்னைத்தான் சொன்னாளா, கனவில் வேறு யாரையாவதா, தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று வாரம் கால் தரையில் படாமல் நடந்தேன்.

அப்போதுதான் பரணில் தண்ணீர் ஒழுகி, சாமான்களை இறக்கியபோது, ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் ஒரு கேசட் இருந்தது. மேலே பேனாவால் 'வாலுவுக்கு' என்று எழுதியிருந்தது. வார்டில் யாரோ வைத்திருந்த ரெக்கார்டரில் கடைசி நாட்களில் பேசிப் பதிந்து வைத்திருக்கிறாள். இப்படி ஒன்று இருப்பது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறவர், அன்றைக்கு என் கண்ணைப் பார்க்காமல் கேசட்டை நீட்டினார்.

"நீதான் மாத்தித் தரணும். வெளியில குடுக்க மனசு வரலை."

"பூஞ்சை பிடிச்சிருக்குங்க. ஒரு தடவை ஓட்டினாலே சத்தம் ஒட்டியிருக்கற பொடியெல்லாம் உதிர்ந்துடும். அதுக்கப்புறம் வெறும் பிளாஸ்டிக்தான்."

"ஒரு தடவை போதும். நீ பாத்துப்பே."

நீ பாத்துப்பே. அந்த நம்பிக்கையைத்தான் நான் என்ன செய்தேன் என்று சொல்ல வருகிறேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கேசட்டை மெஷினில் போட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். முதலில் ஒரே இரைச்சல். ரெக்கார்டரின் பேட்டரி தீர்ந்துகொண்டு வந்திருக்க வேண்டும். அந்த இரைச்சலுக்கு அடியில், எங்கேயோ மாடிக்கு மேல் மாடியிலிருந்து பேசுகிற மாதிரி, ஒரு குரல்.

"வாலு… அம்மா பேசறேன்டா…"

சாகப்போகிறவளின் குரல் அது. அப்படியும் அழகாக இருந்தது. என் குரல் தகரத்தில் கரண்டியால் தட்டுகிற மாதிரி இருக்கும், எனக்கே தெரியும். எனக்கு வயிறு எரிந்தது. இதை அந்தக் குழந்தை கேட்டால் என் கதி என்ன? மூன்று வாரமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் அந்த ஒரு 'அம்மா' என்ன ஆகும்? சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தவள் இப்போது வாயைத் திறந்து பேசவும் வந்துவிட்டாள்.

என் தொழிலில் ஒருவரைச் சத்தமில்லாமல் கொல்ல முடியும். அதை இங்கே சொல்லியாக வேண்டும். டேப்பில் இருக்கும் சத்தம் வழவழப்பான சரிவு. கம்ப்யூட்டருக்குச் சரிவு தெரியாது, படிதான் தெரியும். ஒவ்வொரு நொடியையும் ஆயிரக்கணக்கான துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எந்தப் படியில் நிற்கிறது என்று எண் போட்டுக்கொள்ளும். ஒழுங்காக மாற்றினால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் படிகள். மட்டமாக மாற்றினால் இருநூற்று ஐம்பத்தாறுதான். படிகள் குறைந்தால் ஒவ்வொரு படியும் ஆள் உயரம் ஆகிவிடும். கடைசிப் படியைக்கூட எட்டாத சின்னச் சத்தத்துக்குக் கம்ப்யூட்டர் பூஜ்யம் என்று எழுதும். அப்படி ஒரு சத்தம் இருந்ததற்கே அடையாளம் இருக்காது.

கேசட்டை அந்த இடத்திலேயே நிறுத்தினேன். இருநூற்று ஐம்பத்தாறு படிகள் என்று வைத்தேன். பிறகு உள்ளே வரும் சத்தத்தைக் குறைக்கும் குமிழைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் திருகினேன். அளவுமானியின் ஊசி இறங்கியது. இன்னும் திருகினேன். ஊசி படுத்துவிட்டது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. சுத்தமான பூஜ்யம் எந்தக் கேசட்டிலும் வராது. காலிக் கேசட்டுக்கே ஓர் இரைச்சல் உண்டு. அவர் அசட்டு மனிதர் இல்லை, ஏன் இவ்வளவு நிசப்தம் என்று கேட்பார். ஸ்பீக்கர் சோதிக்க எங்களிடம் ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஸ்விட்சைப் போட்டால் மழை பெய்கிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சத்தமாக இரையும். அதை எடுத்துக் கேசட் ஒயரோடு சேர்த்துச் செருகினேன். ஊசி லேசாகத் துடித்தது. இப்போது பார்த்தால் யாரும் நம்புவார்கள்.

பட்டனை அழுத்தினேன். ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கேட்க விருப்பமில்லை.

முப்பத்தொரு நிமிடம் ஓடியது. மெஷினுக்குக் கீழே பழுப்புப் பொடி சேர்ந்துகொண்டே வந்தது. பின்னால் வரும் டேப் கண்ணாடி மாதிரி வெளுத்து வந்தது. இருபதாவது நிமிடத்தில் அறைக்குள் ஒரு வாசனை. ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் மருந்து வாசனை. நடையில் யாராவது துடைக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இந்தக் கதவைச் சாத்தினால் வாசனைகூட உள்ளே வராது.

என் கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோன் சூடாக இருந்தது.

யாரோ வாயை வைத்து மூச்சு விடுகிற சூடு.

வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் அவர் அதைப் போட்டுக் கேட்டார். முழுசாக முப்பத்தொரு நிமிடமும். வாலு அவர் மடியில் உட்கார்ந்திருந்தாள். நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தேன், மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தேன்.

"ஒண்ணுமே இல்லியா?" என்றார்.

"இரைச்சல் மட்டும்தாங்க. பேட்டரி தீந்துபோன ரெக்கார்டர் போல இருக்கு."

"நீயே சொல்லிட்ட, அப்புறம் என்ன." எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ரொம்ப நேரம் கழுவினார்.

வாலு மட்டும் நான் மாற்றிக் கொண்டுவந்த அந்தச் சத்த ஃபைல் தனக்கு வேண்டும் என்று அடம் பிடித்தாள். அவர் கேட்ட பிரதியை அப்படியே, பாட்டு கேட்க வைத்திருந்த சின்ன பிளேயருக்கு நகர்த்திக் கொடுத்தேன். இரைச்சல்தானே, கேட்டுவிட்டுப் போகட்டும் என்று எனக்குப் பெருந்தன்மை வேறு.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காதில் மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்காருவாள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நான் குனிந்து கழற்றிவிட்டேன். அவள் என்னைப் பார்க்காமலே, ரகசியம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"சித்தி, அம்மா தினம் கொஞ்சம் கொஞ்சமாப் பக்கத்துல வர்றாங்க."

"யாரு?"

"அம்மா. முதல்ல மூச்சு மட்டும் கேட்டுது. இன்னிக்கு என்னைக் கூப்பிட்டாங்க."

கையில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு ஃபைல் என்றால் ஒரே ஃபைல்தான். ஆயிரம் தடவை போட்டாலும் அதே எண்கள், அதே வரிசை. தேயாது, வளராது. டேப்பை ஏன் மாற்றுகிறோம்? அது மாறிவிடும், இது மாறாது என்பதற்காகத்தான். என் பிழைப்பே அந்த ஒரு நம்பிக்கையில் நடக்கிறது.

மறுநாள் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஆபீசில் இருந்த மூலப் பிரதியையும், பிளேயரில் இருந்த பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, எண்களைப் பார்த்தேன். அதே அளவு. அதே தேதி. நான் நடுவில் ஓர் இடத்துக்குப் போனேன்.

மூலத்தில் பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.

பிளேயரில் ஒன்று, ஒன்று, பூஜ்யம், ஒன்று.

யாரோ கீழே இருந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

எங்கள் மெஷின்களைப் பழுது பார்க்கிறவரை ஸ்க்ரூ அண்ணா என்போம். சட்டைப் பையில் எப்போதும் நாலு திருகாணி கிடக்கும். நடையில் பிடித்து, விஷயத்தைச் சொல்லாமல், சும்மா சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"அண்ணா, கடைசிப் படிக்குக் கீழ போன சத்தம் திரும்பி வருமா?"

"எப்படிம்மா வரும்? பூஜ்யம் பூஜ்யம்தான்." இரண்டடி போனவர் நின்றார். "இரைச்சல் ஏதாவது சேர்த்தியா?"

"கொஞ்சம்."

"மாத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நடையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன்.

"முன்னாடி."

"அப்ப வராம என்ன?" என்று சிரித்தார். "குளத்துத் தண்ணி படிக்குக் கீழ ஆடாம நின்னா படி நனையாது. அலை அடிச்சா நனையும்ல? எத்தனை தடவை நனையுதுன்னு பாத்தாலே தண்ணி எவ்வளவு உயரத்துல இருக்குன்னு சொல்லிடலாம். நீதானே தாயே வர்ற புள்ளைங்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் குடுக்கறே. ஆளைப் புதைக்கணும்னா மண்ணைப் பின்னாடி போடணும். முன்னாடி போட்டுட்டு, மேல ஏணியும் வெச்சிருக்கே."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்.

உண்மைதான். பின்னால் சேர்த்திருந்தால் அவள் ஒழிந்திருப்பாள். பொறாமை கண்ணை மறைத்ததில், பதினொரு வருடத் தொழில் மறந்து, நானே இரைச்சலை முன்னால் தூவி அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டிருக்கிறேன். அவள் சொன்ன சொல் அந்த எண்களில் எங்கோ இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் எண்கள் தானாக மாறுமா? அதற்கு ஸ்க்ரூ அண்ணாவிடமும் பதில் இருக்காது. நான் கேட்கவில்லை.

அறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். இரண்டு பிரதிகளையும் அழித்துவிட முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். மூலத்தை அழித்தேன். பிளேயரில் இருந்ததை அழிக்க விரலை வைத்தபோது எனக்குள் ஒரு குறுகுறுப்பு. அப்படி என்னதான் சொல்லியிருக்கிறாள்? என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பாளோ? பொறாமைக்காரிக்குத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

ஹெட்ஃபோனை மாட்டினேன்.

இரைச்சல். மழை மாதிரி ஒரே இரைச்சல். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அப்புறம் அந்த மழைக்கு நடுவில் ஒருத்தி நடந்து வருகிற மாதிரி, குரல் ஒவ்வொரு எழுத்தாகத் திரண்டு வந்தது.

"வாலு… நல்லாக் கேட்டுக்கோ. அப்பாவுக்குத் தனியா இருக்கத் தெரியாது. அவர் சாக்ஸ் எங்க இருக்குன்னுகூட அவருக்குத் தெரியாது. யாராவது ஒருத்தங்க நம்ம வீட்டுக்கு வருவாங்க. வரணும்."

இருமல். யாரோ தண்ணீர் கொடுக்கிற சத்தம்.

"வந்தா அவங்களைச் சித்தின்னு கூப்பிடாதே. அம்மான்னு கூப்பிடு. நான் கோச்சுக்கமாட்டேன். அவங்களும் பாவம், தெரியாத வீட்டுக்கு வர்றாங்க…"

என் கண் நிறைந்துவிட்டது. ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். நான் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு ஏங்கின ஒன்றை, எனக்காகவே எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைத்தான் நான் குமிழைத் திருகித் திருகிப் புதைத்தேன். இப்போதே ஓடிப்போய் அவரிடம் கொடுக்க வேண்டும். காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக.

இரைச்சல் சட்டென்று நின்றது.

நின்றது என்றால், அந்த அறையின் நிசப்தத்தைவிடப் பெரிய நிசப்தம். எழுந்து ஹெட்ஃபோனைக் கழற்றப் போனேன். ஆஸ்பத்திரி மருந்து வாசனை மூக்கில் ஏறியது.

அப்போது அந்தக் குரல் மறுபடி வந்தது. நோயாளியின் குரல் இல்லை. தெளிவாக, சூடாக, வலது காதுக்கு வெகு பக்கத்தில்.

"ஏன் என் சத்தத்தைக் குறைச்சே?"

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தேன். அறையில் யாரும் இல்லை. திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேலிருந்து கீழே வரைக்கும் பூஜ்யம். முப்பத்தொரு நிமிடமும் பூஜ்யம். 'அம்மான்னு கூப்பிடு' என்று அவள் சொன்ன இடத்தை மூன்று தடவை தேடிப் பார்த்தேன். இல்லை. எனக்குக் கேட்கக் கொடுத்துவிட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இனி நான் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? இரைச்சல் மட்டும்தான் என்று சாதித்தவள் நான். இப்போது திடீரென்று, உன் அம்மா என்னை அம்மா என்று கூப்பிடச் சொன்னாள் என்று ஏழு வயதுக் குழந்தையிடம் போய் நிற்க முடியுமா?

வீட்டுக்கு நான் வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஹாலில் டேபிள் ஃபேன், அந்தச் சின்னப் பெட்டி மாதிரியே 'ஸ்ஸ்ஸ்' என்று இரைந்துகொண்டு ஓடியது. வாலு அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, யாரோ கதை சொல்வதைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாலு," என்று கூப்பிட்டேன்.

திரும்பவில்லை.

"வாலு!"

ஊஹூம். கிட்டப் போய்த் தோளைத் தொட்டதும்தான் நிமிர்ந்தாள். "எப்ப வந்தீங்க சித்தி? வந்தா கூப்பிடக் கூடாதா?"

அன்றைக்கு ஆரம்பித்தது. முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் அவரும், "கொஞ்சம் சத்தமாத்தான் பேசேன்," என்றார். மறுவாரம் கடைக்காரர் இரண்டு தடவை கையைக் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். எனக்கு என் குரல் அதே தகரச் சத்தத்தோடு நன்றாகத்தான் கேட்கிறது. நேற்று ஆபீசில் மைக்கை வைத்துக்கொண்டு, ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் படிகளையும் திறந்து வைத்து, அடித்தொண்டையில் கத்திப் பார்த்தேன். ஊசி அசையவில்லை.

அதனால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

இன்று மத்தியானம் கரண்ட் போய் ஃபேன் நின்றது. வாலு எழுந்து உட்கார்ந்தாள், முகம் வாடிப்போய்விட்டது. நான் அவள் எதிரே மண்டி போட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குமிழ், கேசட், அவள் அம்மா சொன்ன சொல், எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன். குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியாமல் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

கரண்ட் வந்தது. ஃபேன் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

அவள் முகம் மலர்ந்தது.

"அம்மா!" என்றாள்.

என் உயிரே நின்றுவிட்டது. கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி, என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் நிற்கிற யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கோ தலையை ஆட்டினாள். அப்புறம் என் காதோரம் வந்து ரகசியமாகச் சொன்னாள்.

"சித்தி, நீங்க என்னமோ சொன்னீங்களாம். அம்மாவுக்குக் கேட்டுதாம். எனக்குச் சொல்லவேண்டாம்னுட்டாங்க."